மரமாக நின்ற நாடியய்யா

எங்கள் நாடியய்யாவிடம் கையைக் கொடுத்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றவர் உலகத்திலேயே கிடையாது. தொண்ணூறுகளில், இலங்கையின் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர் அவர். வணக்கம் சொன்னாலும் நாடி பிடிப்பார். டிக்கெட் நீட்டிய பஸ் கண்டக்டரின் கையையும் விட்டதில்லை. என் கல்யாணத்தில் தாலியை எடுத்த மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, "நூத்திப் பத்து. பொண்ணுக்குப் பயப்படுறான். ம், கட்டுப்பா!" என்று உத்தரவு கொடுத்த மனுஷன்.

அந்த நாடிப் பைத்தியம்தான் என்னைக் காப்பாற்றியது.

நான் இடது கைக்காரி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவேன். கிழட்டு மரங்களில் வெட்டு உயரத்துக்குப் போய்விடும், கையைத் தூக்கித் தூக்கி வெட்ட வேண்டும். நாலு மரம் வெட்டினால் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிடுவேன். சற்று நேரத்தில் சரியாகிவிடும். கங்காணிக்கு அது போதாதா? "நல்லா நடிக்கிற! இன்னொருக்கா உக்காந்தா பேர வெட்டிருவேன்" என்றார். பொய்க்காரி என்று வேலையும் போகப்போகிறதே என அழுதுகொண்டே டிஸ்பென்சரிக்குப் போனேன்.

ஐயா என் இடது கையைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி உதறிக் காதில் வைத்தார்.

"என்னங்கய்யா?"

"ஒனக்கு நாடியே இல்ல புள்ள."

"ஐயோ, அப்ப நான் செத்துட்டேனுங்களா?"

"செத்தவ இப்படிக் கத்த மாட்டா. மத்தக் கையக் குடு."

வலது கையில் நாடி ஓடியது. மறுநாளே ரம்புக்கனையில் ரயிலேற்றி என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா, மூளைக்கு ரத்தம் ஓடுவதைத் திரையில் காட்டும் கருவியை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். கையில் நாடி இல்லாதது உண்மைதான், ஆனால் மூளைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறது என்றார். கங்காணி ஜெயித்துவிட்டாரே!

ஐயா விடவில்லை. "படுத்திருந்தா எப்படித் தெரியும்? இவ பால் வெட்டணும்!" என்று சிங்களத்தில் வாதாடினார். இங்கே ஏது மரம் என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் இருக்கேன்ல!"

என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தன் குடையை இடது கையில் திணித்து, இரண்டு கைகளையும் கிளைபோல் தூக்கிக்கொண்டு முன்னால் விறைப்பாக நின்றார். நான் குடை நுனியால் அவர் நெஞ்சில் வெட்டினேன், வெட்டினேன், வெட்டிக்கொண்டே இருந்தேன். கூச்சம் தாங்காமல் மரம் நெளிந்து சிரித்தது. "ஹெல்லென்ன எப்பா!" என்று டாக்டரம்மா மரத்தை அதட்டினார், அசையக் கூடாதாம். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அதே நேரம், கழுத்தில் வைத்த கருவியின் திரையில் சிவப்பாக ஓடியது நீலமாகத் திரும்பியது, ரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறதாம்.

கைக்குப் போகிற ரத்தக் குழாய் அழற்சியால் குறுகிவிட்டதாம். கை உழைக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறதாம். ஐயாவுக்கு வந்த சந்தோஷத்தில் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டார்.

மாத்திரையில் முகம் பூசணிக்காயாக வீங்கினாலும் கிறுகிறுப்பு நின்றது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி, பிள்ளைக் காம்பிராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்கு மாறினேன். கங்காணி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இடது கையில் நாடி மட்டும் திரும்பவே இல்லை. ஓய்வு பெற்றுப் போன அன்று ஐயா எல்லோருக்கும் நாடி பார்த்து விடைபெற்றார். நான் வலது கையை நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டு இடது கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அதுலதான் ஒண்ணுமே இல்லைங்களேய்யா?"

"சும்மா இரு புள்ள, எண்ணிக்கிட்டு இருக்கேன்."

கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. ஒரு நிமிடம் தாண்டியும் நான் கையை எடுக்கவில்லை.