முன்னறையில் பேசும் பெண்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு மாலை.

அன்புத் தம்பி யுகேந்திரனுக்கு, அண்ணன் பழனியப்பன் எழுதுவது. காஜாங்கில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நானும் உன் அண்ணி லோகேஸ்வரியும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நீ கொடுத்த பழைய லேப்டாப் விடமாட்டேன் என்கிறது.

முதலில் அதன் முகம் கறுத்தது. வெள்ளையாயிருந்த திரை ஒரு மத்தியானம் இருண்டுபோய், மஞ்சள் எழுத்துகள் மட்டும் மிதந்தன. பிறகு எழுத்துகள் வீங்கின. ஒரே ஒரு 'அ' திரை முழுக்க நின்று என்னையே பார்த்தது. பழைய சாமான்தானே என்று பொறுத்துக்கொண்டேன். அப்புறம்தான் அவள் வந்தாள். குளியலறையில் சவரம் செய்துகொண்டிருக்கிறேன், முன்னறையில் ஒரு பெண் பேசுகிறாள். ஏற்ற இறக்கமில்லாத குரல், மூச்சு வாங்கவே இல்லை. முகத்தில் நுரையோடு ஓடிவந்தால் உன் அண்ணி மட்டும் மேசை துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"யாரு பேசுனா?"

"யாருமில்லையே. பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும் லா."

உன் அண்ணி கடைக்குப் போன நேரம் பார்த்து நானே உட்கார்ந்தேன். 'யார் நீ' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். பதிலுக்கு, நான் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் என்னிடமே சொன்னாள். வயரைப் பிடுங்கினேன், பேசினாள். துண்டைப் போட்டு மூடினேன், துண்டுக்குள்ளிருந்து பேசினாள்.

நேற்று நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. படுக்கையறையில் சாய்ந்திருந்தேன். சுத்தத் தமிழில், துளி வருத்தமில்லாமல், "கிள்ளான் கந்தப்பு காலமானார்" என்றாள். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் நம் சிநேகிதன் திருச்செல்வம் போன் செய்தான்: "அண்ணே, நம்ம கந்தப்பு போயிட்டாரு, தெரியுமா?" தெரியும் என்று எப்படியடா சொல்வேன்? அடுத்து யார் பெயரைச் சொல்வாளோ! உடனே வந்து இதை எடுத்துப் போ. பிள்ளைகள் தொட வேண்டாம். எல்லாரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அண்ணன் பழனியப்பன்

பி.கு: உறை வாங்கக் கிளம்பியவன், பர்ஸை மறந்து பாதியில் திரும்பினேன். உன் அண்ணி லேப்டாப் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் குரல் அவளுக்குச் செய்தி வாசிக்கிறது.

"என்னடி பண்றே?"

"பேப்பர் படிக்கிறேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"தொறந்தா மட்டும் என்னா தெரியுது?"

மாதக்கணக்காய் அவள் பார்வை மங்கிவருகிறது, தம்பி. சொன்னால் நான் அடுப்புப் பக்கமே விடமாட்டேன் என்று மறைத்திருக்கிறாள். கண் கிளினிக்கில் பழக்கமான தாரா என்ற பெண், "எல்லாம் உள்ளயே இருக்கு ஆன்டி, தனியா வாங்க வேணாம்" என்று வீட்டுக்கே வந்து காட்டியிருக்கிறாள். விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் குரல் வரும், மறுபடி அமுக்கினால் போய்விடும். விண்டோஸோடு பிளஸ் அமுக்கினால் எழுத்து பெரிதாகும். திரையைக் கறுப்பாக்கியதும் உன் அண்ணிதான், வெளிச்சத்தில் கண் கூசுகிறதாம். கந்தப்புவின் மகன் பேஸ்புக்கில் போட்டதைத்தான் குரல் வாசித்திருக்கிறது.

லேப்டாப்பை எடுக்க வராதே. கார் எடுத்துக்கொண்டு வா, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். தனியாகக் கூட்டிப்போக எனக்குப் பயமாயிருக்கிறது.

இந்தக் கடிதத்தை உன் அண்ணி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். சிரித்தாள். "அந்தப் பொண்ணு நிதானமா படிப்பா. உங்களுக்கு ஏன் குரல் இப்படி நடுங்குது?" என்கிறாள்.