ஷிஃப்ட் பஸ்ஸுக்காகப் பொரித்த வடைகள்

ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த நானூறு பேருக்கு ஒரே மாதத்தில் நெஞ்செரிச்சல் வரவைத்தவள் நான். சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை. கேன்டீன் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன், அவ்வளவுதான். அதுவும் பூமியைக் காப்பாற்றுகிற நல்ல நோக்கத்தில்.

ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பிரிவில் நான் பயிற்சிப் பொறியாளர். வருட முடிவில் ஒரு புராஜெக்ட் செய்து பிளான்ட் ஹெட் முன்னால் ஒப்பிக்க வேண்டும். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். என் அப்பா மறைமலை நகரில் பதினேழு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்து ஓய்ந்தவர். எங்கள் வீட்டில் யாரும் 'நிரந்தரம்' என்று எழுதிய காகிதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்துக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது கேன்டீன் எண்ணெய். பொரித்து மிஞ்சிய எண்ணெய் வெளியே போய், சாலையோரச் சட்டிகளில் மறுபடி மறுபடி கொதித்து யார் யார் வயிற்றிலோ இறங்குகிறது. அதை பயோடீசலாக மாற்றும் சிறு நிறுவனம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. எண்ணெயை அவர்களிடம் கொடுத்து, அவர்கள் தருவதை டீசலில் கொஞ்சம் கலந்து, தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் ஷிஃப்ட் பஸ்ஸை ஓட்டலாம். வயிறும் தப்பும், கடல் தாண்டி வரும் கச்சா எண்ணெயும் கொஞ்சம் மிச்சமாகும். இன்றைக்கும் சொல்கிறேன், யோசனையில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம் இருந்தது.

"எல்லாம் சரிம்மா, நம்பர் எங்க?" என்றார் பிளான்ட் ஹெட். "தினம் எவ்வளவு வருதுன்னு போர்டுல போடு. எனக்குத் தெரியணும்."

போட்டேன். நாளுக்கு ஒரு கேன் என்று இலக்கு. நிரம்பினால் பச்சைக் கட்டம், நிரம்பாவிட்டால் சிவப்பு. (ஏன் ஒரு கேன்? ஸ்டோரில் கேன் இருந்தது. அரை கேன் என்று எழுதினால் பார்க்க நன்றாக இல்லை. வேறு ஆராய்ச்சி எதுவும் இல்லை.) சமையலறைக்குள் போய் ஒரு நாளுக்கு எவ்வளவு பொரிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேன்டீன் மாஸ்டர் தேவராஜ் பக்கத்து கிராமத்துக்காரர். எண்ணெயைப் பார்த்துப் பார்த்து ஊற்றுகிற கை. வாரம் ஒரு நாள் வடை, ஒரு நாள் பூரி, மற்ற நாளெல்லாம் ஆவியில் வெந்ததுதான். அவர் சட்டியில் மிஞ்சுவதே வாரத்துக்கு அரை கேன்.

"இன்னா மேடம் இது, பரீட்சை ரிசல்ட் மாரி வாசல்ல மாட்டிக்கினு கீறீங்க?" என்றார்.

"ஒரு உற்சாகத்துக்குத்தான் மாஸ்டர்."

முதல் வாரம் ஆறு கட்டமும் சிவப்பு. தட்டோடு வரிசையில் நின்றவர்கள், "இன்னா மாஸ்டர், இன்னிக்கும் ஃபெயிலா?" என்று கேட்டுக்கொண்டே சாம்பார் வாங்கினார்கள். அவர் தலை நிமிராமல் ஊற்றினார். நான் அதையும் பார்த்தேன். போட்டி மனப்பான்மை வேலை செய்கிறது என்று டைரியில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் பச்சை வந்தது. திங்கள் பூரி, செவ்வாய் பஜ்ஜி, புதன் போண்டா. வியாழக்கிழமை இட்லி என்று நம்பிப் போனவர்களுக்குப் பொரித்த இட்லி கிடைத்தது. மோர் சாதத்துக்குக்கூட மூன்று விதமான வற்றல். குன்றத்தூர் போகும் ஷிஃப்ட் பஸ்ஸின் முதுகில் 'எங்கள் கேன்டீன் எண்ணெயில் ஓடும் பஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். (அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதாக இல்லை.)

முதலுதவி அறையும் எங்கள் பிரிவில்தான் வரும். அங்கே நெஞ்செரிச்சல் மாத்திரை தீர்ந்து, இன்னும் வேண்டும் என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டது நான்தான். என் லேப்டாப்பில் ஒரு கோப்பில் எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு கோப்பில் மாத்திரை. இரண்டையும் ஒரே நாளில் திறந்து மூடியிருக்கிறேன். மூளை மட்டும் திறக்கவில்லை.

நான்காவது வாரம் இட்லி திரும்பி வந்தது. பொங்கல் வந்தது. மாத்திரை கேட்டு யாரும் வரவில்லை. ஆனாலும் பலகை முழுக்கப் பச்சை. பொரிக்காமலே எண்ணெய் எப்படி மிஞ்சும் என்று சின்னக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். நான் 'திட்டம் நிலைபெற்றுவிட்டது' என்று ஸ்லைடு போட்டேன்.

ஒப்பிக்கும் நாள். பயோடீசல் நிறுவனத்துக்காரரையும் நானே கூப்பிட்டிருந்தேன், பாராட்டட்டும் என்று. அவரும் குறை வைக்கவில்லை.

"இவ்ளோ நல்ல எண்ணெய் எங்களுக்கு எங்கயும் கெடைச்சதில்ல சார்," என்றார். "கடைசி வாரத்து கேன்ல இன்னும் ஒண்ணுமே பொரிக்கல. கடையில வாங்கின மாதிரியே இருக்கு."

தேவராஜைக் கூப்பிட்டார்கள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"புது எண்ணெயைத்தான் ஊத்துனேன் சார். ஒளிக்கல," என்றார். "மொதல்ல வடையாப் போட்டுத் தள்ளுனேன். சனங்க வவுத்தைப் புட்ச்சிக்கினு லைன்ல நிக்குதுங்க. மனசு கேக்கல. போர்டுக்கோ பச்சை வோணும். அதான் சட்டியில ஒரு தபா சூடு காட்டி நேரா கேன்ல ஊத்திட்டேன். பஸ்ஸுக்கு வவுறு இல்ல பாருங்க."

அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்போதும் என் வாயில் முதலில் வந்து நின்றது 'எனக்கு எதுவும் தெரியாது சார்' என்ற வாக்கியம்தான். அது உண்மையும்கூட. அதனால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"போர்டு என்னோடது சார்," என்றேன். "எவ்வளவு மிஞ்சும்னு நான் அவரைக் கேக்கவே இல்ல. கேன் ரொம்பணும்னுதான் சொன்னேன். ரொப்பிக் குடுத்துட்டாரு."

"ஒரு தடவையாவது சமையலறைக்குள்ள போனியா?" என்றார் பிளான்ட் ஹெட்.

"இல்ல சார்."

பலகை கழற்றப்பட்டது. தேவராஜ் தப்பினார். எனக்குப் பயிற்சிக் காலம் ஆறு மாதம் நீண்டது. வீட்டில் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த ஆளுக்கு வேலை கீதா?" இருக்கிறது என்றேன். "அப்போ எழுந்து சாப்புடு," என்றார்.

அந்த ஆறு மாதமும் தினம் சமையலறையில் நின்றேன். வாரத்துக்கு அரை கேன் மிஞ்சியது, அரை கேன் போனது. பஸ் அதற்குத் தகுந்தபடி ஓடியது. நிரந்தரக் காகிதமும் தாமதமாக வந்தது. இப்போது பங்க்கில் எத்தனால் கலந்த பெட்ரோல் போடும்போதெல்லாம் அந்தச் சட்டி நினைவுக்கு வருகிறது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகிலிருந்து வந்தால் சந்தோஷம். வண்டி டாங்குக்காகவே தண்ணீர் பாய்ச்சிக் கரும்பு போட்டு, பயோடீசலுக்கென்று காட்டை வெட்டி எண்ணெய்ப் பனை நட்டு வந்தால், நான் செய்ததையே யாரோ பெரிய பலகை மாட்டிச் செய்கிறார்கள். மிஞ்சியதா, மிஞ்சவைத்ததா என்று சமையலறைக்குள் போய் யாராவது பார்த்தால் தேவலை.

இப்படியெல்லாம் பேசுகிற நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். யூகேஜி படிக்கும் என் மகள் தண்ணீரே குடிப்பதில்லை. தினம் பாட்டில் காலியாக வந்தால் காலண்டரில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன் என்றேன். மூன்று வாரம் வரிசையாக நட்சத்திரம். போன மாதம் அவள் டீச்சர் என்னைப் பார்த்து, வகுப்பு ஜன்னலில் இருக்கும் மணிபிளான்ட்டை உங்கள் பெண் தினம் தண்ணீர் ஊற்றி அருமையாக வளர்க்கிறாள் என்று பாராட்டினார்.

வீட்டுக்கு வந்து அவளைத் திட்ட வாயெடுத்தேன்.

"காலி பாட்டில்தானே கேட்ட?" என்றாள்.

என் கணவர் எழுந்து போய்க் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயர் தேவராஜ்.