மஞ்சள் வைத்த வியட்நாம் உறைகள்

“உள்ள ஒன்னுமே இல்லாத கவர வெச்சிக்கிட்டு என்னா செய்யப் போறே லா? டிகிரி முடிச்ச புள்ள காலி கவர் சேர்க்குது.”

கேட்டவர் சேகர் மாமா, என் அம்மாவின் தம்பி. ஈப்போவின் புந்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், வேன் ஓட்டுகிறார். அவர் கையில் இருந்தது வியட்நாமிலிருந்து எனக்கு வந்த ஓர் அஞ்சல் உறை. உள்ளே கடிதம் இல்லைதான். ஆனால் வெளியே கூம்புத் தொப்பி முடையும் பெண்ணின் படம் போட்ட அஞ்சல்தலையும், அந்தத் தொப்பிக்குப் பேர்போன ஹுவே நகரத்துத் தபால் முத்திரையும் இருந்தன. இந்தப் பொருத்தத்துக்காக உயிரையே கொடுக்கலாம் என்று நான் அப்போது நம்பினேன். மாமா உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். எதுவும் விழவில்லை.

வியட்நாமியக் கைவினைகளின் படம் போட்ட அஞ்சல்தலைகளும், அவை ஒட்டித் தபாலில் பயணம் செய்து வந்த உறைகளும்தான் என் சேகரிப்பு. மண்பானை, பட்டு நெசவு, மூங்கில் கூடை என்று ஒவ்வொன்றையும் அது செய்யப்படும் ஊருக்கே போய்த் தபாலில் போட்டவள் லான், இணையத்தில் பழக்கமான ஹுவே தோழி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா சின்ன வயதிலேயே கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவப் போனவர். ஆகவே வீட்டில் எதைப் பற்றியும் விரிவுரை ஆற்றும் உரிமை எனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். (பட்டமளிப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்தேனே தவிர, மனத்தளவில் கழற்றவே இல்லை.) உறையை வெறுங்கையால் தொடக்கூடாது, வெள்ளைக் கையுறை போட வேண்டும், ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும், ஈரம் படவே கூடாது. அம்மா ரசம் தாளித்தபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நன்றாகக் கேட்டுக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஈப்போவில் ஒரு மண்டபத்தில் அஞ்சல்தலைக் கண்காட்சிப் போட்டி வந்தது. பெயர் கொடுத்தேன். மாமா சிரித்தார். “மெடல் வாங்கிட்டு வா பாப்போம். என் வேன் கண்ணாடியில மாட்டிக்கிட்டு ஈப்போ பூரா சுத்துறேன்” என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தக் கண்ணாடியில் என் பதக்கம் ஆட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குப் போகும் எந்தத் தாளும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் வாசலைத் தாண்டாது. மாமாவின் வேன் உரிமம், அப்பாவின் வேலை விண்ணப்பம் எல்லாம் அப்படித்தான் போயின. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோதுகூட, பாதிப் பெருமை என் மதிப்பெண்ணுக்கு, மீதி மஞ்சளுக்கு என்று அம்மா பங்கு பிரித்தார்.

போட்டி நாள் காலை நான் அறைக்குள் புடவை மடிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆல்பம் வெளியே மேசையில் இருந்தது. அம்மாவும் வெளியேதான் இருந்தார்.

மண்டபத்தில் அம்மாவும் மாமாவும் பின்னால் நிற்க, கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் நின்று, கையுறை மாட்டி, ஓர் அறுவை மருத்துவரைப் போல ஆல்பத்தைத் திறந்தேன். தொப்பி உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் பொட்டாகக் குங்குமம். பானைக்கும் அதே மரியாதை. பட்டு, கூடை, கடைசிவரை ஒன்றைக்கூட அம்மா விட்டுவைக்கவில்லை.

“என்னம்மா இது?”

“நீ சொன்ன மாதிரிதானே செஞ்சேன். கைக்கு உறை போட்டேன். ஓரத்ததான் புடிச்சேன். ஃபேன் காத்துல நல்லா காய வெச்சித்தான் திரும்பப் பிளாஸ்டிக்குள்ள போட்டேன். ஈரம் ஆகாதுன்னியே.”

அருங்காட்சியகமே எழுந்து நின்று கைதட்டும் பாதுகாப்பு முறை. மஞ்சள் மட்டும்தான் உபரி. முந்தானையால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தேன். பானைக்கு மஞ்சள் காமாலை வந்தது. புடவைக்கும் வந்தது.

நடுவர் ஒரு சீனப் பெரியவர். பூதக்கண்ணாடியை வைத்து மூலை மூலையாகப் பார்த்தார். இது கைவினைத் தபாலுக்கு வியட்நாம் போடும் தனி அடையாளமா என்று மலாயில் கேட்டார். ஒரு கணம் என் பட்டதாரி மூளை ‘ஆமாம்’ என்று சொல்லச் சொன்னது. அதற்குள் அவர் குனிந்து முகர்ந்துவிட்டார். “குன்யிட்” என்றார். மஞ்சள்தான். அவர் மனைவி மீன் பொரிக்கும்போது தடவுவாராம்.

பின்னாலிருந்து சேகர் மாமா முன்னால் வந்தார். (என் மானத்தில் மிச்சமிருந்ததையும் வாங்க வருகிறார் என்று நினைத்தேன்.) தனக்குத் தெரிந்த மலாயில் நடுவருக்கு வகுப்பெடுத்தார். இது சும்மா கவர் இல்லை, தொப்பிப் படத்துக்குத் தொப்பி ஊர் முத்திரை, பானைப் படத்துக்குப் பானை ஊர் முத்திரை. இவ்வளவு பொருத்தம் பார்த்துச் சேர்த்ததற்கு மஞ்சள் வைக்காமல் எப்படி? காலி கவர் என்று உதறிப் பார்த்த அதே வாய்.

நடுவர் சிரித்தார். ஆனால் விதி விதிதான். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த பிறகு உறையில் எதையும் சேர்க்கக் கூடாது. பதக்கம் இல்லை. இதை நான் தமிழில் சொன்னதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“போஸ்ட் ஆபீஸ்காரன் கறுப்பு மையால குத்துனா அழகு. நான் மங்களமா மஞ்சள் வெச்சா கெட்டுப் போச்சா? கேளு அவர.”

கேட்டேன். நடுவர் வெகுநேரம் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

கலந்துகொண்டதற்கான சான்றிதழோடு வீடு திரும்பினோம். அதற்கும் அன்று மாலையே மஞ்சள் வைக்கப்பட்டது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது அளவுக்கு மீறி அக்கறைப்பட்டு ஒன்றைக் கெடுத்தால், “வியட்நாம் பண்ணிட்டே” என்பார் மாமா. அவருடைய வேன் கண்ணாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நடந்ததை லானுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. சில மாதம் கழித்து உறைகள் வந்தன, தொப்பியிலிருந்து கூடைவரை மறுபடியும் எல்லாமே. ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள். ஹுவே சந்தையில் நல்ல மஞ்சளாகத் தேடி வாங்கி, அவளே தடவி, அதற்குப் பிறகு தபாலில் போட்டிருந்தாள். சில மூலைகளில் மஞ்சளின் மேலேயே முத்திரை விழுந்திருக்கிறது. தபால்காரர் கொடுத்த பிறகு நாங்கள் எதையும் சேர்க்கவில்லை. எந்த நடுவர் வேண்டுமானாலும் முகர்ந்து பார்க்கட்டும்.

இந்த முறை கோலாலம்பூர்ப் போட்டி. விண்ணப்பத்தைப் போன வாரமே அனுப்பிவிட்டேன். அதன் நான்கு மூலைக்கும் நான்தான் மஞ்சள் வைத்தேன், கையுறை போட்டுக்கொண்டு.