என் பங்கு அதிகாரங்கள்

அன்புள்ள பெரியப்பாவுக்குத் தோத்திரம்.

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, பெரியம்மாவின் இருமல் நின்றதா என்று முறைப்படி கேட்டுவிட்டேன். இனி முறைப்படி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம்.

கல்யாணத்தன்று நீங்கள் கொடுத்த வேதாகமத்தில் ஒரே ஒரு சிவப்பு நாடா. காலையில் நான் ஒரு அதிகாரம் படித்து நாடாவை நகர்த்த வேண்டும், சாயங்காலம் மருந்துக் கடையிலிருந்து வந்ததும் அவள் அடுத்த அதிகாரம் படித்து நகர்த்த வேண்டும், சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் படித்ததைச் சொல்ல வேண்டும், இருபது மாதத்தில் முழு வேதமும் முடிந்துவிடும் என்று ஏற்பாடு செய்தவர் நீங்கள். நாற்பது வருடம் உபதேசியாராக இருந்தவர் போட்ட திட்டம், தப்பவில்லை. திங்கட்கிழமை நாடா கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

பெரியப்பா, வந்தது நாடா மட்டும்தான்.

முதல் ஆறு நாள் ஒழுங்காகப் படித்தேன். ஏழாம் நாள் ஓய்ந்தேன். இன்னும் ஓய்ந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது, நாடாவை மட்டும் தள்ளி வைத்துவிட்டு ராத்திரி படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ராத்திரி வந்ததும் நாளைக்குச் சேர்த்துப் படிக்கலாம் என்று நினைத்தேன், சேர்ந்துகொண்டே போனது. சாப்பாட்டு மேசையில் அவள் இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பாள், நல்ல அதிகாரம் என்பேன், "ம்" என்பாள். கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிட்டாள். சரி, அவளும் நாடாவைத்தான் நகர்த்துகிறாள் என்று முடிவுகட்டினேன். அதில் ஒரு கேவலமான ஆறுதல்கூட இருந்தது.

பிறகு லேவியராகமம். குளித்த தலையைத் துவட்டாமல் நாடாவை நகர்த்தப் போய், தோல்நோய் அதிகாரத்தின்மேல் தண்ணீர் சொட்டிப் பக்கம் உப்பிவிட்டது. சாயங்காலம் அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அழுதீங்களா?" என்றாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் தலையாட்டினேன். அவள் உங்களிடம் சொல்ல, நீங்கள் போதகரிடம் சொல்ல, போதகர் சபையில் சொல்ல, சொறியையும் படையையும் படித்தே கண்ணீர் விடுகிறவன் என்று என்னை வாலிபர் கூட்டத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள், எனக்குத் தனிமை வேண்டுமென்று அவள் தினமும் காலையில் அறைக்கதவைச் சாத்திவைக்க ஆரம்பித்தாள். அந்தத் தனிமையில் நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன்.

திங்கட்கிழமை போனில் கேட்டீர்கள்.

"டேய், ஒரு அதிகாரம்கூட விடலையே?"

"விடலை பெரியப்பா."

அதற்குப் பிறகுதான் சொன்னீர்கள், ஞாயிறு ஆராதனையில் எங்கள் இருவரையும் எழுப்பி நிறுத்தி அங்கங்கே கேள்வி கேட்கப்போவதாக. என் வேலை உங்களுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பலகையைக் காட்டி எழுத்து வாசிக்கச் சொல்வது. மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிக்கிறவர்களைக் கீழிருந்து மேலே வாசிக்கச் சொல்வேன், மாட்டிக்கொள்வார்கள். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள்.

மாட்டிக்கொள்வது பெரிதில்லை. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு மாட்டிக்கொள்வதுதான் பெரிது. கல்யாணத்துக்குச் சில மாதம் முன்புவரை வேதாகமத்தைத் தொட்டே பார்க்காதவள். இவரைப் பார்த்துத்தான் விசுவாசத்துக்கு வந்தேன் என்று ஞானஸ்நானத்தன்று சபை நடுவில் சொன்னவள்.

செவ்வாயிலிருந்து கடை மேசைக்கு அடியில் வைத்துப் படிக்கப் பார்க்கிறேன். ஒரு அதிகாரம் முடிவதற்குள் ஆள் வந்துவிடுகிறது. நாளாகமத்தைத் திறந்தால் முதல் வரியே பேர்ப் பட்டியல். காத்திருந்தவர்களைப் பார்த்து "அடுத்தது ஏனோஸ்" என்று கூப்பிட்டுவிட்டேன். ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

முழங்கால் வலி என்று சொல்லி நின்றுவிடுங்கள். பொய்யாகாது, வலி இருக்கத்தானே செய்கிறது. பெரியம்மாவுக்கு என் அன்பு. எனக்காக ஜெபியுங்கள், எதற்காக என்று போதகருக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
ஆறு அதிகாரம் படித்த உங்கள் மகன்

பி.கு. இதை மேசைமேல் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். உங்களுக்குப் போகும் கடிதத்தில் கடைசி இரண்டு வரி எப்போதும் அவள் எழுதுவது. பதற்றத்தில் மறந்துபோனது. திரும்பி வந்தபோது இதைப் படித்துவிட்டு, எதிரே வேதாகமத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஒருநாளும் விட்டதில்லை. தன் அதிகாரத்தை மட்டும் படித்திருக்கிறாள். என் அதிகாரங்களைத் தொடவில்லை, அவை என் பங்கு, நான் சொல்வேன் என்று. யோசேப்பு எதற்காகச் சிறைக்குப் போனான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

"நாலு சுவிசேஷம், இயேசுவை நாலு தடவை அடக்கம் பண்ணிட்டாங்க," என்றாள். "நாலு தடவையும் அடுத்த அதிகாரம் உங்களுது. எழுந்தார்னு சபையில கேட்டிருக்கேன். நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்தேன். நீங்க சொல்லவே இல்ல. அதுக்குள்ள என் அதிகாரத்துல அவர் கரையில நின்னு மீன் சுட்டுட்டிருக்கார்."

புத்தகத்தை என் பக்கம் திருப்பி, நாலையும் சத்தமாகப் படித்தேன். சாப்பாடு ஆறிப்போனது. யோசேப்பு நாளைக்கு என்றாள்.

ஞாயிறு அவசியம் வாருங்கள். கேள்விகளை அவளிடம் கேளுங்கள், ஒன்றுவிட்டு ஒன்றாக. என்னை எழுப்பி நிறுத்தினால் இந்தக் கடிதத்தைப் படிக்கிறேன். கையெழுத்துக்கு மேலே ஆறு என்று இருப்பதை மட்டும் பத்து என்று திருத்திக்கொள்ளுங்கள்.