கருந்தீர்த்தமும் கழுவாத கையும்

ஆம்பூர் வட்டாரத்துக் குடிகாரர்களுக்கு ஒரு பொற்காலம் வந்தது. சிரிக்காதீர்கள். சர்க்கார் மதுவிலக்குச் சட்டம் போட்டிருந்தது. சாராயம் பாலாற்று மணலுக்கடியில் ஒளிந்துகொண்டு முன்னைவிடத் தாராளமாகக் கிடைத்தது. குடித்தால் ஜெயில், குடிக்காவிட்டால் கைநடுக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்த எங்களைக் கடைத்தேற்ற ஆற்றங்கரையில் ஒரு மகான் அவதரித்தார். பெயர் கருந்தீர்த்த சுவாமிகள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோல் பதனிடும் டேனரியில் சங்கு ஊதினால் போதும், கூட்டம் ஆற்றுப் பக்கம் ஓடும். ஏலகிரி மலையில் ஆவாரம்பட்டை உரிக்கிறவர்கள்கூட இறங்கி வந்தார்கள். கீற்றுக்கொட்டகையில் சுவாமிகள் புலித்தோலில் உட்கார்ந்திருப்பார். அது சாயம் போட்ட ஆட்டுத்தோல் என்பது தோல்வேலை செய்யும் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பக்தி வந்தால் கண் போய்விடும் போலிருக்கிறது.

எதிரே வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் தெளிந்த தீர்த்தம். குடிகாரன் அதில் கையை விடவேண்டும். விட்ட மாத்திரத்தில் தண்ணீர் கறுக்கும். உள்ளே இருந்த குடிப்பேய் விரல்வழியாக இறங்குகிறதாம்! ஒரே ஒரு நிபந்தனை: வேலை விட்ட கையோடு வரவேண்டும். கை கழுவினால் பேய் உள்ளே பதுங்கிக்கொள்ளுமாம். காணிக்கை ஒரு கறுப்புச் சேவல். அந்தச் சேவல் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும். அதையே நாங்கள் மறுபடி வாங்கி அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்போம். சேவலுக்கே எங்களைப் பார்த்துச் சலித்துப்போயிருக்கும்.

அடியேன் துரைசாமி. டேனரியில் பட்டைத்தொட்டி மேஸ்திரி. எட்டாவது படித்தவன் என்பதால் டீக்கடையில் பத்திரிகையை உரக்க வாசித்து உலகத்துக்கு விளக்கம் சொல்கிறவன். என் முழுநேர வேலை, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் ஊறும் தொட்டிப் பக்கம் எவனும் இரும்புச் சாமான் கொண்டுவராமல் காவல் காப்பது. ஒரு துருப்பிடித்த வாளி பட்டால் தண்ணீர் மையாகக் கறுக்கும், தோல் பாழ். "இரும்பு! அப்பால எடுடா!" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. அதை நனைக்கத்தான் குடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

இப்பேர்ப்பட்ட அறிவாளி, பட்டைச்சாறு ஊறிய கையைத் தீர்த்தத்தில் விட்டேன். கறுத்தது. எனக்குப் புல்லரித்தது. "சாமி, நான் குடிகாரன்!" என்று ஊர் கேட்கக் கதறினேன். பேய் இறங்கிவிட்ட சந்தோஷத்தில் அன்று ராத்திரியே கொண்டாடவும் செய்தேன். எதைக் கொண்டு என்று கேட்காதீர்கள்.

என் கூத்து இருக்கட்டும். என் மச்சான் தனகோடியின் கதையைக் கேளுங்கள். என் பெண்சாதி பூவம்மாளின் ஒரே தம்பி. சாராயம் கிடைக்காத நாளில் வார்னிஷைக் குடித்தான். வாராவாரம் அவனைத் தீர்த்தத்துக்கு இழுத்துப்போனவன் நான்தான். கடைசியில் டேனரி வேலைக்குப் போக முடியாமல் படுத்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரத்தம் கக்கினான்.

பூவம்மாள் அலறினாள். "யோவ், வேலூர் பெரிய ஆசுபத்திரிக்குத் தூக்கினு போலாம்யா!"

"உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? குடிச்சான்னு டாக்டராண்ட சொன்னா போலீசைக் கூப்ட்டுடுவான். அதுவும் இல்லாம, ஊசி போட்டா தீர்த்தம் முறிஞ்சுடும்னு சாமி சொல்லியிருக்காரு" என்றேன். எட்டாவது படித்த வாய் அல்லவா!

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அதற்கு மேல் மறுக்கத் தைரியமில்லாமல் சம்மதித்தேன். ஸ்டேஷனுக்குப் போக வண்டி வேண்டுமே. தொட்டியில் என்னோடு வேலை செய்யும் கலீமுல்லா பாய், டேனரிக்குப் பட்டைத்தூள் ஏற்றி வந்த மாட்டுவண்டியைக் கொண்டுவந்தார். மூட்டைகளுக்கு நடுவே தனகோடியைக் கிடத்தினோம். வழியிலேயே கொட்டகை. "ஒரே நிமிஷம்" என்று வண்டியை நிறுத்தினேன்.

சுவாமிகள் தனகோடியின் கையைத் தீர்த்தத்தில் விடச் சொன்னார். விட்டோம். தண்ணீர் கறுக்கவே இல்லை! தெளிவாக அப்படியே நின்றது.

"பேய் மொத்தமா ஓடிட்டுது!" என்றார் சுவாமிகள். "பையன் குணமாயிட்டான். வீட்டுக்கு இட்டுனு போங்க. வைத்தியன் மூஞ்சில முழிக்காதீங்க."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குணமான பையன் மறுபடி ரத்தம் கக்கினான். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பூவம்மாள் தம்பியின் வாயைத் துடைத்தாள். ரத்தம் பட்ட கையை, எதிரே இருந்த பாத்திரத்திலேயே முக்கி அலசினாள். அவள் டேனரியில் பட்டை இடிக்கிறவள். இடித்த கையோடு ஓடிவந்தவள். அவள் விரலைச் சுற்றித் தண்ணீர் குபுகுபுவென்று கறுத்தது.

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. சுவாமிகள் அசரவில்லை. "பார்த்தீங்களா! இந்தப் பொம்பளை திருட்டுத்தனமா குடிக்கிறா. இவ பேய்தான் தம்பியைப் புடிச்சுது!"

"எவடா குடிக்கிறா?" பூவம்மாள் எழுந்தாள். "ரத்தம் கக்கற என் தம்பிக்குப் பேய் இல்ல, பட்டை இடிக்கிற எனக்குப் பேயா? பாய், இங்க வா. நீ எப்பனாச்சும் குடிச்சிருக்கியா?"

"தோபா, தோபா! மோந்துகூடப் பார்த்ததில்லம்மா" என்றார் ஐந்து வேளை தொழுகிற கலீமுல்லா பாய்.

பாத்திரத்தைக் கொட்டிப் புதுத் தீர்த்தம் ஊற்றச் சொன்னாள். பாய் கையை விட்டார். நான் விட்டபோது கறுத்ததைவிட அதிகமாகக் கறுத்தது.

"அது... போன ஜென்மத்துல குடிச்சது" என்றார் சுவாமிகள்.

"சாமி, எங்க மார்க்கத்துல போன ஜென்மமே கிடையாதே!" என்றார் பாய். கூட்டத்தில் முதல் சிரிப்பு கிளம்பியது.

பூவம்மாள் என் பக்கம் திரும்பினாள். "யோவ் மேஸ்திரி, பட்டைத்தொட்டியில இரும்பு பட்டா இன்னாய்யா ஆவும்?"

"கறுத்துப்பூடும்" என்றேன்.

"சத்தமா சொல்லு!"

"கறுத்துப்பூடும்!" சொன்ன பிறகுதான் என் மண்டையில் ஏறியது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் தினமும் என்னிடம் அந்தத் திட்டை வாங்குகிறவர்கள். அவர்கள் முகமும் கறுத்தது. டேனரி வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அறிவையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தோம்.

பாய் வண்டியிலிருந்து ஒரு கை பட்டைத்தூளை அள்ளிவந்து குடத்தில் மீதியிருந்த தீர்த்தத்தில் போட்டார். குடம் மொத்தமும் மையானது. "ஆவாரம்பட்டையும் குடிக்குதா சாமி?"

சுவாமிகள் கண்ணை மூடி நிஷ்டையில் ஆழ்ந்தார். திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். அன்னபேதி மூட்டை! தோலுக்குக் கறுப்புச் சாயம் ஏற்ற நாங்களே உபயோகிக்கும் இரும்பு உப்பு. அதைத் தண்ணீரில் கரைத்ததுதான் தீர்த்தம். தனகோடி படுக்கையில் கிடந்ததால் அவன் கையில் பட்டைச்சாறு இல்லை. அதனால் அவனுக்குப் பேயும் இல்லை.

நிஷ்டை கலைந்து ஓடப்பார்த்தவரைக் கூட்டம் பிடித்தது. முதல் அடி நான் போட நினைத்தேன். "அவனை அப்புறம் அடி. ஏறு வண்டியில!" என்று பூவம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வண்டி கிளம்பும்போது பின்னால் ஒருவன் அக்கறையாக விசாரிப்பது காதில் விழுந்தது: "விரிஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு மந்திரவாதி இருக்காராமே, அவரு எப்படி?"

ரயிலேறி வேலூர் சேர்ந்தோம். தனகோடியைக் கட்டிலில் சேர்த்தார்கள். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: "ஐயா, போலீசு..."

"ஆள் பிடிச்சுக் கொடுக்கிறது என் வேலை இல்லை. குடியும் ஒரு வியாதிதான். அதுக்கும் மருந்து உண்டு, கூட இருந்து கவனிக்க ஆள் உண்டு. ஈரல் ரொம்பக் கெட்டிருக்கு. முன்னாலேயே கொண்டுவந்திருந்தா இவ்வளவு சிரமம் இல்லை. இனி உறுதி சொல்ல மாட்டேன், முயற்சி பண்றேன்" என்றார். பூவம்மாள் சுவரில் சாய்ந்து அழுதாள். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

"எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"அவன் நாலஞ்சு வருஷமா..."

"உங்களைத்தான் கேட்டேன்."

அந்த அயோக்கியச் சாமி முன்னால் ஊர் கேட்கக் கத்திய 'நான் குடிகாரன்' என்ற அதே வார்த்தையை, டாக்டரிடம் முணுமுணுக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. ஆனால் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் என்னையும் படுக்கவைத்தார்கள்.

தனகோடி இன்னும் கண் திறக்கவில்லை. போலீசுக்குப் பயந்தோம், பேய்க்குப் பயந்தோம், ஊர் வாய்க்குப் பயந்தோம், யோசிக்கவும் பயந்தோம். எங்களுக்கு ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. நீங்களும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்களா?