கர்கதேயில் மூச்சுவிட்ட ஜின்

கெய்ரோவில் அந்த வருடம் காசுள்ளவர்கள் எல்லோரும் ஜாம் பாட்டிலும் கையுமாக அலைந்தார்கள். பாட்டிலில் ஜாம் கிடையாது. மண்.

மேற்கே ஷேக் ஸாயித். கிழக்கே தஜம்மூ. நடுவில் நைல் நதியும், நகரமும், நகராத வண்டிகளும். கையில் நாலு காசு சேர்ந்துவிட்டால் இந்த இரண்டில் ஒன்றுக்குக் குடிபோயே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். இரண்டுமே பாலைவனம்தான். இரண்டிலும் அதே மதில், அதே காவலாளி, அதே நீச்சல்குளம், லாரியில் வந்திறங்கிய அதே புல்தரை. எதை வாங்குவதென்று மனிதர்கள் தூக்கம் கெட்டுத் தவித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆவிகளான ஜின்களுக்கு அந்தத் தவிப்பு இல்லை போலும். அவை எப்போதோ இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் கண்டு சொல்ல ஒருவர்தான் இருந்தார். டாக்டர் வஜ்தி.

எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. சந்தன நிறக் கோட்டும், பட்டுக் கைக்குட்டையும், தாழ்ந்த குரலும் உள்ள ஒருவரிடம் சான்றிதழ் கேட்பார்களா? கேட்பவர்கள் பேருந்தில் போகிறவர்கள். டாக்டரைத் தேடி வந்தவர்கள் காரில் வந்தார்கள். அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் தெரு முழுக்க கார். உள்ளே மடிமடியாக ஜாம் பாட்டில். மருத்துவரும் வக்கீலும் வங்கி மேலாளரும், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகும் பிள்ளைகள் மாதிரி, பாட்டிலை அணைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பள்ளி ஆசிரியை ரபாபின் கணவன் ஹாஸிமும் ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்படிப் பெயர் எழுதி ஒட்டிய இரண்டு பாட்டில்களோடு சமையலறைக்குள் வந்தான். ஹாஸிம் பாலம் கட்டும் எஞ்சினியர். துளை போட்டு மண்ணெடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வராமல் ஒரு தூணைக்கூட நட்டவன் இல்லை. சொந்த வீட்டுக்கு மட்டும் ஜாம் பாட்டில்.

"இது ஸாயித், இது தஜம்மூ. நாளைக்கு அம்மா வீட்டுக்கு டாக்டர் வர்றார்," என்றான்.

"ஹாஸிம், நீ கட்டின பாலத்துக்கெல்லாம் ஜின் பாத்தியா?"

"பாலத்துல யாரு குடியிருக்கப் போறா?"

ரபாப் தஅமிய்யா மாவைப் பிசைந்தாள். ஊறிய அவரைப் பருப்பும் கொத்தமல்லியும் அரைத்த மாவு. வெள்ளிக்கிழமை காலை அது எண்ணெயில் பொரியும் வாசனை இல்லாவிட்டால் அந்த வீட்டில் யாரும் படுக்கையை விட்டு எழ மாட்டார்கள்.

"ஸாயித் மண்ணுல ஜின் இருக்குன்னு சொல்லிட்டாரு வையி?" என்றாள்.

"அப்ப தஜம்மூதான். ஞாயித்துக்கிழமை காலைல போயி முன்பணம் கட்டிருவேன்."

"எங்கப்பா?"

"வெள்ளிக்கிழமைதோறும் போலாமே ரபாப். நான் வேண்டாம்னா சொல்றேன்?"

ரபாபின் அப்பா நைலின் மேற்குக் கரையில் அகூஸாவில் தனியாக இருந்தார். போன குளிர்காலத்தில் வாதம் வந்து வலது கை மடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வகுப்பை முடித்துவிட்டு ரபாப் தினமும் நேரே அங்கேதான் போவாள். சோறு பிசைந்து ஊட்டி, கூடத்தில் கையைப் பிடித்து நடத்தி, அவர் சொன்ன பழைய நகைச்சுவைக்கே மறுபடி சிரித்துவிட்டு வருவாள். ஸாயித்திலிருந்து அகூஸாவுக்கு ஒரே நேர்ச்சாலை. தஜம்மூவிலிருந்து வந்தால் மொத்த கெய்ரோவையும் கடக்க வேண்டும். தினமும் ஒரு வாய் ஊட்டிய மகள் வாரம் ஒருமுறை வந்து எட்டிப்பார்க்கும் விருந்தாளி ஆகிவிடுவாள். இதைத் தீர்மானிக்கப் போவது ஒரு ஜின்!

எரிச்சலோடு பாத்திரங்களை அள்ளித் தொட்டியில் போட்டாள். மாவுக்குச் சமையல் சோடா கலக்கிய வெள்ளைக் கிண்ணமும் அதில் இருந்தது. முந்தின இரவு ஹாஸிம் மிச்சம் வைத்த கர்கதேயை அதன்மேல் கவிழ்த்தாள்.

கிண்ணம் சீறியது.

குப்பென்று நுரை பொங்கியது. செம்பருத்தி இனத்துப் பூ வடித்த அந்த ரத்தச் சிவப்புப் பானம் கண்ணெதிரே நிறம் மாறி, பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் போல நீலமும் பச்சையுமாக நின்றது.

இந்த நிறத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். மாமியார் இழுத்துப்போன இரண்டு கூட்டங்களில் பார்த்திருக்கிறாள். டாக்டர் வஜ்தி கோப்பையில் மண்ணைத் தூவி, கர்கதே ஊற்றுவார். சிவப்பு சிவப்பாகவே இருந்தால் சுத்த மண். நுரைத்து நீலமானால் ஜின். "நுரைக்கறது அவங்க மூச்சு," என்பார், தாழ்ந்த குரலில். அப்போது யாராவது ஒரு பெண்மணி மயங்கி விழுவார்.

ரபாப் இன்னும் கொஞ்சம் சோடாவைப் போட்டு, இன்னும் கொஞ்சம் கர்கதேயை ஊற்றினாள். ஜின் மறுபடி மூச்சுவிட்டது.

ஹாஸிம் குளிக்கப் போனதும் இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். தஜம்மூ மண்ணை ரோஜாத் தொட்டியில் கொட்டினாள். ஸாயித் மண்ணைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு பாட்டிலிலும் நிரப்பி, மூடியைத் திருகினாள். பாலைவனத்து மணல், ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஜின்னைத்தான் கூப்பிட வேண்டும்.

மறுநாள் நஸ்ர் நகரில், ஹஜ் போய்வந்த மாமியார் ஹாஜா தவ்லத்தின் வரவேற்பறை நிரம்பி வழிந்தது. தங்கமுலாம் பூசிய நாற்காலிகள் போதாமல் சாப்பாட்டு நாற்காலிகளும் வந்துவிட்டன. மகன் தஜம்மூவுக்கு வந்துவிட்டால் தனக்குப் பக்கம் என்று தவ்லத்துக்கு உள்ளூர ஆசை. ஆனால் ஜின்களிடம் அவர் சிபாரிசு எதுவும் பண்ணவில்லை. கர்கதே மட்டும் காய்ச்சிக் கொடுத்தார்.

"ஹாஜா, உங்க கையாலயே காய்ச்சினதா? அப்ப பலன் அச்சு மாறாம வரும்," என்றார் டாக்டர் வஜ்தி. வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஜோடி ஜோடியாகக் கண்ணாடிக் கோப்பைகள். அடிப்பாகத்தில் மட்டும் கெட்டியான தங்க வேலைப்பாடு.

முதலில் பக்கத்து வீட்டு மேடம் ஸஃபினாஸ். அவருக்கு நகரின் தெற்குப் பக்கத்து மஆதியா, தஜம்மூவா என்று குழப்பம். மஆதி மண் விழுந்த கோப்பை பொங்கி நீலமானது.

"நெனச்சேன்! இப்பத்தான் புரியுது எனக்கு ஏன் இத்தனை வருஷமா தலைவலின்னு!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார் ஸஃபினாஸ். அந்த அம்மாள் மஆதியில் ஒருநாளும் குடியிருந்தவர் இல்லை.

தஜம்மூ மண் போட்ட கோப்பை சிவப்பாகவே இருந்தது. அது எந்தக் குடியிருப்பு வளாகத்து மண்? பாட்டில்மேல் எழுதியிருந்ததை ரபாப் எட்டிப் பார்த்தாள். அதேதான். போன கூட்டங்களிலும் ஜெயித்த அதே வளாகம். வாசல் வளைவும் நீரூற்றும் மட்டும் எழும்பி, வீடுகள் இன்னும் வரைபடத்தில் இருக்கும் வளாகம். வீடே இல்லாத இடத்தில் ஜின்னும் இல்லை. ஒருவகையில் நியாயம்தான்.

"எஞ்சினியர் சார், வாங்க," என்றார் டாக்டர்.

ஹாஸிம் பாட்டில்களை நீட்டினான். டாக்டர் பெயர்களைப் படித்தார், கண்ணை மூடினார், கோப்பைகளை வைத்தார், ஸாயித் மண்ணைத் தூவினார். மேலே கர்கதே விழுந்தது. நுரை பொங்கியது. அறை முழுக்க ஒரே பெருமூச்சு.

"ஒரு குடும்பமே இருக்கு. சின்னக் குழந்தைங்ககூட இருக்கு. அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம் சார்." அடுத்த கோப்பையில் தஜம்மூ மண்ணைத் தூவி, கர்கதேயை ஊற்றினார். சிவப்பு அசையவில்லை. "பாருங்க, பச்சைக் குழந்தை மனசு மாதிரி இருக்கு."

கோட்டுப் பையிலிருந்து ஒரு விற்பனை அலுவலக அட்டையை எடுத்து ஹாஸிமின் கையில் வைத்தார். "என் பேரைச் சொல்லுங்க. நல்லா கவனிப்பாங்க."

ஹாஸிமின் முகம் தெளிந்தது. தவ்லத் இறைவனுக்கு நன்றி சொன்னார்.

"டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் ரபாப்.

"கேளும்மா."

"ஜின் இருக்கற மண்ணும் இல்லாத மண்ணும் ஒரே மண்ணா இருக்க முடியுமா?"

"இருட்டும் வெளிச்சமும் ஒண்ணா இருக்குமா மகளே?"

"ரெண்டு பாட்டில்லயும் இருக்கறது ஸாயித் மண்ணு டாக்டர். ஒரே பாட்டிலைப் பாதிபாதியா நான்தான் பிரிச்சேன். தஜம்மூ மண்ணு எங்க வீட்டு ரோஜாத் தொட்டியில கெடக்கு."

தவ்லத்தின் குரல் எழுந்தது. "என்ன காரியம்டி பண்ணி வெச்சிருக்க! வீட்டுக்கு வந்தவரை அவமானப்படுத்தவா?"

டாக்டர் புன்னகை மாறாமல் கையை உயர்த்தினார். "கோவப்படாதீங்க ஹாஜா. பாட்டில் மேல பேர் எழுதிட்டா மண்ணு அந்தப் பேருக்குக் கட்டுப்படும். அவங்க பேரைப் படிப்பாங்க."

"ஜின் படிக்குமா? அப்ப எதுக்கு மண்ணு? வெறும் காகிதத்தைக் கொண்டாந்திருக்கலாமே! இத்தனை பேர் வெயில்ல குனிஞ்சு மண்ணள்ளியிருக்க வேண்டாமே!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு டாக்டரைக் கொஞ்சம் அசைத்தது. பெட்டியை மூடக் கை நீட்டினார். ரபாப் அதற்குள் அடுத்த ஜோடிக் கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

"தொடாதேம்மா! சக்தி கலைஞ்சிரும்!"

"கலையட்டும்." இரண்டிலும் கர்கதேயை ஊற்றினாள். வேறு எதையும் போடவில்லை.

ஒன்று சிவப்பாக நின்றது. இன்னொன்று சீறி, நுரைத்து, நீலமானது.

"மண்ணே போடலை. இந்த ஜின் எந்த ஊரு டாக்டர்?"

ரபாப் சமையலறைக்குப் போய்ச் சோடா டப்பாவோடு திரும்பினாள். சிவப்பாக நின்ற கோப்பையில் ஒரு சிட்டிகை போட்டாள். அதுவும் பொங்கியது. "இதுதான் உங்க ஜின், அத்தை. வெள்ளிக்கிழமை தஅமிய்யாவுக்குப் போடுவீங்களே, அதுதான்."

தவ்லத் டப்பாவைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், கடைசியில் டாக்டரைப் பார்த்தார்.

ஹாஸிம் மெதுவாக எழுந்து வந்தான். பெட்டியில் மிச்சமிருந்த கோப்பை ஒன்றுக்குள் விரலை விட்டு, தங்க வேலைப்பாட்டின்மேல் ஒருமுறை துழாவினான். விரல் நுனியில் வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்தான். சொந்த வீட்டு விஷயத்தில் அந்த எஞ்சினியர் செய்த முதல் சோதனை அது.

"சோடா," என்றான். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "இந்த வளாகத்துக்காரங்க உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?"

"அன்பளிப்பு... அவங்களா மனசார..." டாக்டர் வஜ்தியின் தாழ்ந்த குரல் முதல்முறையாக உச்சத்துக்குப் போயிருந்தது. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"பெட்டியை வெச்சிட்டுப் போங்க. போலீஸ்காரங்களும் ஜின் பாக்கட்டும்," என்றார் தவ்லத். கோபம் திசை மாறி, இப்போது சரியான இடத்துக்கு வந்திருந்தது. பெட்டி நின்றது, டாக்டர் நிற்கவில்லை. படிக்கட்டில் அவர் ஓடிய வேகத்தைப் பார்த்தால் ஜின் பின்னாலேயே துரத்துகிறது என்று சத்தியம் பண்ணலாம்.

ஹாஸிம் அட்டையை நீலக் கோப்பைக்குள் போட்டான். "நாளைக்குக் காலைல முன்பணம் கட்டல. ஸாயித்லேருந்து உங்கப்பா வீட்டுக்கு, அப்புறம் தஜம்மூலேருந்து உங்கப்பா வீட்டுக்கு, ரெண்டையும் ஓட்டிப் பாப்போம் ரபாப்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேடம் ஸஃபினாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கண்ணில் பக்தி ததும்ப, தன் ஜாம் பாட்டிலை ரபாபிடம் நீட்டினார்.

"அந்த மோசக்காரன் கெடக்கான். உனக்குத்தான் உண்மையான சக்தி இருக்கும்மா! நீயே பாத்துச் சொல்லேன், மஆதியா, தஜம்மூவா?"

அவருக்குப் பின்னால் வரிசை மறுபடி உருவாகிக்கொண்டிருந்தது.

ரபாப் பாட்டிலை வாங்கி மேசைமேல் வைத்தாள். "மேடம், மண்ணுக்குள்ள யாரு குடியிருக்காங்கன்னு இத்தனை நாள் பாத்தீங்க. வீட்டுக்குப் போயி, நம்ம மண்டைக்குள்ள யாராவது குடியிருக்காங்களான்னு ஒரு தடவை தட்டிப் பாருங்க. அதுக்குக் கர்கதே வேண்டாம்."