பூசாத சாரின் தொலைந்த வீடு

கொத்தனார்களைக் கண்டால் கம்பெடுத்து விரட்டிய ஆர்க்கிடெக்ட் உலகத்திலேயே ஒருவர்தான். செங்கல்பட்டில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன்.

இளவயதில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, பூச்சும் பெயிண்டும் இல்லாமல் வெறும் கான்கிரீட்டில் வீடுகள் கட்டியவர். சொந்த வீடும் அப்படித்தான். அதனால் தெருவுக்கே அவர் 'பூசாத சார்'.

"இன்னா சார், வூடு பாதியில நிக்குது? சிமெண்டு பத்தலயா?" என்று அடிக்கடி ஒரு கொத்தனார் வந்து நிற்பார்.

"முடிஞ்சிடுச்சுய்யா!"

"இன்னா முடிஞ்சிச்சு?"

"வீடு!" என்று சார் கம்பைத் தேடுவார்.

கொத்தனார் என்னைப் பார்ப்பார். எனக்கும் புரியாததால் நான் வானத்தைப் பார்ப்பேன். என் மாமனாரோ, "கட்டி முடிச்சதும் சொல்லுங்க, வரேன்" என்று வாசலோடு திரும்பிப்போய் ரயிலேறிவிட்டார்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். சாரைப் பற்றித்தான் ஆராய்ச்சியாம்.

"சார் எவ்ளோ பெரிய ஆளு தெரியுமா அங்கிள்?"

தெரியாது. மாடிக்குத் தண்ணீர் ஏறாததற்கு அவர்தான் காரணம் என்பது மட்டும் தெரியும்.

முட்டுக்காட்டில் சார் கட்டிய முதல் வீட்டைப் பார்க்க மூவரும் வாடகைக் காரில் போனோம். வழியெல்லாம் சார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டையை நீவிக்கொண்டே வந்தார்.

இடம் வந்தது. வீட்டைக் காணோம். ரோஸ் கலரில், உடம்பெல்லாம் டைல்ஸ் ஒட்டி, வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்களோடு ஒரு பங்களா நின்றது. சார் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"இங்கதானே வச்சேன்..." என்றார், மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர் மாதிரி.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா தேடுறீங்க பெரியவரே?"

"இங்க ஒரு வீடு..."

"இதான் வூடு. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

உள்ளேயும் டைல்ஸ்தான். மாடிப்படி திரும்புகிற இடத்தில் மட்டும் பழைய கான்கிரீட் சுவர் அப்படியே இருந்தது. அதில் காற்று வர நீளமாக ஒரு திறப்பு. சார் அதைத் தடவிப் பார்த்து, கீழ்ப்படியில் உட்கார்ந்தார். கத்தப்போகிறார் என்று நான் ஓரடி பின்வாங்கினேன்.

"டைல்ஸ் ஒட்ட வந்தவங்ககிட்ட, அங்க மட்டும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார் அந்த அம்மா. "கரெண்டு போச்சுன்னா எல்லாரும் அங்கதான் குந்திகினு சாப்புடுவோம். அப்படி ஒரு காத்து! எந்தப் புண்ணியவான் கட்டுனானோ."

மாணவி வாயைத் திறந்தாள். சார் கையமர்த்தினார்.

"யாரோ ஒருத்தன்மா" என்றார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. இரண்டில் எதை நம்புவது என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

திரும்பும்போது சார் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தோள் மரத்துவிட்டது. செங்கல்பட்டு வரும்வரை நான் அசையவில்லை.